ரோட்ஸ்டரின் பழைய கசற் செட்: கழற்றலாம், வெட்ட வேண்டாம்

ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கொழும்பில் 1991ஆம் ஆண்டு மஸ்டா ரோட்ஸ்டர் ஒன்றை வாங்கிக் கிளிநொச்சிக்குக் கொண்டு வந்திருக்கிறார். ஜப்பானில் யூனோஸ் என்ற பெயரில் விற்ற கார் அது. இரண்டு சீற், மடிக்கிற கூரை, மேலெழும்புகிற லைட். கம்பனி போட்ட கசற் செட் இன்னமும் அப்படியே இருக்கிறது. ஆனால் ரேடியோ 90க்கு மேல் போகவில்லை. கசற்றைப் போட்டால் விழுங்கிவிட்டுத் துப்ப மறுக்கிறது. வலது கதவில் சத்தமே இல்லை. கூட்டாளிமார் "அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஆண்ட்ராய்ட் திரை ஒன்றைப் போடு" என்கிறார்களாம். என்ன செய்யலாம் என்பதுதான் கேள்வி.

நான் பரந்தன் பக்கம் வாகன வயரிங் வேலை செய்கிறவன். இதே கேள்வி ஒரு ஆக்சியோவுக்கோ வேகன்ஆருக்கோ வந்திருந்தால், விரும்பியதைப் போடுங்கள் என்று இரண்டு வரியில் முடித்திருப்பேன். அவை தினமும் சந்தைக்கும் வேலைக்கும் ஓடுகிற வாகனங்கள். இந்தக் காருக்கு என் பதில் வேறு. செட்டை அதன் இடத்திலேயே வைத்துத் திருத்துங்கள். புதிதாக வேண்டியவற்றை அதற்குப் பின்னால் மறைத்து வையுங்கள். அப்படியும் மாற்றத்தான் வேண்டும் என்றால் மாற்றலாம், ஆனால் காரின் வயரில் குறடு படக்கூடாது. இந்தக் கடைசி வசனத்தை எங்காவது எழுதி ஒட்டி வைத்தாலும் நல்லது.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்பீர்கள். இந்தக் கார் முதலில் உலகத்துக்குக் காட்டப்பட்டது 1989இல். அந்த முதல் தலைமுறை 1997வரை வந்தது. இலங்கைக்கு வந்தவை கொஞ்சம், அவற்றிலும் அடிவாங்காமல் மிஞ்சியவை இன்னும் கொஞ்சம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் கார்களுக்குத் திரும்பவும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில் ஓட்டை உடைசலுக்கெல்லாம் பவுண் விலை. ஒரு கார் எவ்வளவு கலப்பில்லாமல் இருக்கிறதோ அவ்வளவு மதிப்பு என்பதை எல்லாரும் அப்போதுதான் படித்துக்கொண்டார்கள். மஸ்டாவே 2017இல் இந்த முதல் தலைமுறைக் காரைப் புதுப்பித்துக் கொடுக்கிற சேவையை ஜப்பானில் அறிவித்து, கூரைத் துணி, மர ஸ்டியரிங், அந்தக் காலத்து டயர் என்று சிலவற்றைத் திரும்பச் செய்யத் தொடங்கியது. செய்த கம்பனியே பழைய முகத்தைத் தேடிப் போகும்போது, நாங்கள் இங்கே இருக்கிற முகத்தைப் பிடுங்கி எறிவது நியாயமில்லை.

இன்னொரு காரணம் என்னுடைய சொந்தப் பாவம். 2013 அளவில் ஒரு ஹொண்டா சிஆர்எக்ஸ் வந்தது. புதுச் செட்டோடு பொருந்துகிற ப்ளக் கையில் இல்லை. உரிமையாளர் அவசரம் என்றார். நானும் காரின் ப்ளக்கை வெட்டி எறிந்து, வயரை முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி அனுப்பிவிட்டேன். அந்த வருசக் கோடையிலேயே டேப்பின் பசை உருகி வழிந்து, டேப் நழுவி, இரண்டு வயர் முட்டி பியூஸ் போனது. அவர் பெரிய பியூஸாகப் பார்த்துப் போட்டிருக்கிறார். அடுத்த தரம் வந்தபோது டாஷ்போர்ட்டுக்குப் பின்னால் ஒரு சாண் வயர் வெந்திருந்தது. பழைய செட் அவர் வீட்டு அலுமாரியில் பத்திரமாக இருந்தது. ஆனால் அதைச் செருக எங்கே ப்ளக்? அதற்குப் பிறகு ப்ளக்கை வெட்டச் சொல்லி வருகிறவரிடம் வேறு கராஜ் பாருங்கள் என்று சொல்லிவிடுவேன்.

சரி, ரேடியோவுக்கு வருவோம். உங்கள் செட்டில் 90க்கு மேல் போகாதது பழுதே இல்லை. ஜப்பானில் அந்தக் காலத்து எஃப்எம் அலைவரிசை 76இலிருந்து 90 மெகாஹேர்ட்ஸ் வரை. எங்களுக்கு 87.5இலிருந்து 108 வரை. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிற இடம் 90க்குக் கீழே உள்ள ஒரு துண்டு மட்டும்தான். கொக்காவிலில் 170 மீற்றருக்கு மேல் உயரமாக ஒரு ஒலிபரப்புக் கோபுரத்தை 2011இல் நிமிர்த்தினார்கள், ஏ9இல் போகிற எவருக்கும் தெரியும். அதன் அடியில் நின்றாலும் உங்கள் செட்டுக்கு சூரியன் எஃப்எம்மோ சக்தி எஃப்எம்மோ கேட்காது. அவை 100க்கு மேலே நிற்கின்றன. அந்த எண்ணே உங்கள் டயலில் இல்லை.

இதற்கு பேண்ட் எக்ஸ்பாண்டர் என்று ஒரு சின்னப் பெட்டி விற்கிறார்கள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. அன்ரெனா வயருக்கும் செட்டுக்கும் நடுவில் செருகி, ஒரு 12 வோல்ட் வயரும் ஒரு ஏர்த்தும் கொடுத்தால் சரி. உள்ளே நடப்பது கழித்தல் கணக்கு. வருகிற அலைவரிசையிலிருந்து ஒரு குறிப்பிட்ட எண்ணைக் கழித்துச் செட்டுக்குக் கொடுக்கிறது. 14 கழிக்கிற பெட்டி என்றால் 98இல் உள்ள நிலையம் உங்கள் டயலில் 84இல் கேட்கும். எல்லாரும் சறுக்குகிற இடமும் இதுதான். எங்கள் அலைவரிசை 20 மெகாஹேர்ட்ஸ் அகலம், உங்கள் டயல் 14தான் அகலம். எந்தப் பெட்டியாலும் முழுவதையும் அதற்குள் அடக்க முடியாது. 14 கழிக்கிற பெட்டி போட்டால் 90இலிருந்து 104 வரை கிடைக்கும், அதற்கு மேலே உள்ளது போய்விடும். 20 கழிக்கிறது போட்டால் 96இலிருந்து 108 வரைக்கும் கிடைக்கும், கீழே உள்ளது போய்விடும். தமிழ் நிலையங்கள் பெரும்பாலும் மேல்பக்கம் இருப்பதால் வன்னிக்கு 20 கழிக்கிறதுதான் வேலைக்காகும். கடைக்காரர் "எல்லாம் ஒன்றுதான் அண்ணை" என்பார். நம்பாமல் பெட்டியில் அடித்திருக்கிற எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

இந்தப் பெட்டி கொஞ்சம் இரைச்சலைச் சேர்க்கும் என்பதையும் சொல்ல வேண்டும். கிளிநொச்சி நகரில் தெரியாது. ஒட்டுசுட்டான் தாண்டி முல்லைத்தீவுப் பக்கம் உள்ளே போகப் போகத் தெரியும். பெட்டியைக் குறை சொல்ல முன்னர் அன்ரெனாவின் ஏர்த்தைப் பாருங்கள். அன்ரெனா அடி உடம்போடு சேர்கிற இடத்தில் துரு பிடித்திருந்தால் எந்தச் செட்டும் இரையும். உப்புத்தாளால் தேய்த்துத் திரும்ப இறுக்கினாலே பாதி இரைச்சல் அடங்கும்.

மத்திய அலையில், அதாவது ஏஎம்மில், இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. ஜப்பானும் நாங்களும் ஒரே 9 கிலோஹேர்ட்ஸ் இடைவெளிப் படியில்தான் நிலையங்களை வைத்திருக்கிறோம். அமெரிக்காவுக்குச் செய்த செட் என்றால் 10 படியில் தாவி நிலையத்தைத் தவறவிடும். உங்களுடையது சரியாகப் போய் நிற்கும். இரவில் கூரையைத் திறந்துவிட்டு, எஞ்சினை நிறுத்திவிட்டு, அந்தப் பக்கத்தை ஒருக்கால் தடவிப் பாருங்கள். கடலுக்கு அப்பாலிருந்து தமிழ் வரும்.

இதை எழுதும்போது பழைய ஞாபகம் ஒன்று. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது பற்றரி உள்ளே வர விடவில்லை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து ரேடியோவுக்குக் கரண்ட் எடுத்து பிபிசி தமிழோசை கேட்ட வீடுகள் எங்கள் பக்கம் நிறைய. சுற்றுகிறவன் களைத்தால் செய்தி வாசிக்கிறவரும் களைப்பார். பெரும்பாலும் சுற்றியவன் நான். மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார்களில் செட்டே இருக்காது, இருந்தாலும் போட ஆள் பயப்படும். அந்தச் சைக்கிளில் தொடங்கியதுதான் இந்தத் தொழில். அதனால் ஓடக்கூடிய ஒரு ரேடியோவைக் குப்பையில் போட எனக்குக் கை வராது. இதையும் ஒரு பக்கச்சார்பாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி செட்டின் உள்ளே. எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் வந்த ஜப்பான் மின்னணுப் பொருட்களுக்கு ஒரு பொது வியாதி உண்டு. அந்தக் காலத்தில் மின்சுற்றுப் பலகையின்மேல் ஒட்டிப் பற்றவைத்த சின்ன அலுமினியத் தகரக் கப்பாசிற்றர்கள், அதாவது மின்சாரத்தைச் சேர்த்து வைத்து விடுகிற உறுப்புகள், காலம் போகக் கசியும். கசிந்த திரவம் பலகையின் செப்புக் கோடுகளைத் தின்னும். அடையாளம் சுலபம். சத்தம் மெல்ல மெல்லக் குறைந்து வருவது, போட்டவுடன் கேட்காமல் பத்து நிமிடம் சூடான பிறகு கேட்பது, ஒரு பக்கம் மட்டும் மங்குவது. மூடியைத் திறந்து பார்த்தால் கப்பாசிற்றரின் காலடியில் ஈயம் பளபளப்பு இழந்து சாம்பல் நிறமாகியிருக்கும். சோல்டரிங் அயனை வைத்தவுடன் ஒரு மணம் வரும், சந்தையில் மத்தியானம் தாண்டிய மீன் மணம். அந்த மணம் வந்தால் வேறு சோதனை தேவையில்லை, கசிந்திருக்கிறது. எல்லாவற்றையும் மாற்றி, பலகையை ஸ்பிரிட்டால் கழுவிக் காயவிட வேண்டும். போடுகிற புதியவை 105 பாகை வெப்பம் தாங்கும் என்று அடித்தவையாக இருக்கட்டும், 85 பாகை வேண்டாம். கப்பாசிற்றர் விசயத்தில் ஒரு நாட்டுக் கணக்கு உண்டு. வெப்பம் 10 பாகை கூடினால் ஆயுள் பாதியாகும். சித்திரை வெயிலில் கூரை திறந்து நிற்கிற கார் அந்த டாஷ்போர்ட்டுக்குள் என்ன சூட்டைப் பிடிக்கும் என்று நீங்களே கை வைத்துப் பாருங்கள்.

கசற்றை விழுங்குவது பெரும்பாலும் பெல்ட்டின் வேலை. உள்ளே உள்ள ரப்பர் பெல்ட் முப்பது வருசத்தில் ஒன்றில் தளரும், இல்லாவிட்டால் தார் மாதிரி உருகி ஒட்டும். இப்போது உள்ளே ஒரு கசற் சிக்கியிருந்தால் இழுக்க வேண்டாம். நாடா ரோலரைச் சுற்றியிருக்கும், இழுத்தால் நாடாவை வாசிக்கிற ஹெட் இடம் மாறும். செட்டைக் கழற்றி, மேல் மூடியைத் திறந்து, கப்பியைக் கையால் பின்னுக்குச் சுற்றி நாடாவை விடுவித்து எடுங்கள். உருகிய பெல்ட்டைப் பஞ்சிலும் ஸ்பிரிட்டிலும் பொறுமையாகத் துடைக்க வேண்டும். விரலில் பட்டால் இரண்டு நாளைக்குப் போகாது, வெள்ளைச் சேட்டோடு இந்த வேலைக்கு உட்காராதீர்கள். புதுப் பெல்ட் வாங்கப் பழையதன் நீளத்தை அளக்க முடியாது, அது ஏற்கனவே நீண்டிருக்கும். கப்பிகளைச் சுற்றி ஒரு நூலை ஓட்டி அளந்து, அதைவிட ஐந்து ஆறு வீதம் சிறிதாக எடுங்கள். எங்கள் கிரவல் ரோட்டுச் செம்புழுதி நாடாவோடு சேர்ந்து ஹெட்டில் மண்ணிறப் படையாகப் பிடித்திருக்கும், அதையும் துடையுங்கள். நாடா ஓட வேண்டிய வேகம் செக்கனுக்கு 4.76 சென்ரிமீற்றர். நன்றாகத் தெரிந்த பாட்டு ஒன்றைப் போட்டால் பாடகரின் குரல் தடித்திருக்கிறதா கீச்சென்று இருக்கிறதா என்பதை வைத்தே பாதி கண்டுபிடிக்கலாம். மோட்டாரில் உள்ள சின்னத் திருகாணியால் சரிசெய்யலாம்.

போனில் உள்ள பாட்டுக் கேட்க வேண்டும், அதுதானே உண்மையான தேவை. மூன்று வழி இருக்கிறது. மிக மலிவானது லைட்டர் துளையில் செருகுகிற எஃப்எம் டிரான்ஸ்மிற்றர். உங்கள் ஜப்பான் செட்டிலும் அது வேலை செய்யும், 88க்கும் 90க்கும் இடையில் வைத்தால். அந்த இடம்தான் இரண்டு நாட்டுக்கும் பொது என்று மேலே சொன்னேனே. எக்ஸ்பாண்டர் போட்ட பிறகு இந்தக் கணக்கு மாறிவிடும் என்பதை மறக்க வேண்டாம். இரண்டாவது, வயர் தொங்குகிற கசற் வடிவ அடப்டர். ஓட்டோ ரிவேர்ஸ் உள்ள, அதாவது கசற்றைக் கழற்றாமலே மறுபக்கத்தையும் பாடுகிற செட்டில் அது சில நேரம் பக்கம் மாற்றி மாற்றி டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருக்கும், எனக்குப் பிடிக்காது. மூன்றாவதுதான் நான் செய்து கொடுப்பது. செட்டுக்கு உள்ளேயே ஒரு புளூரூத் பலகையை வைத்து, வொலியும் நொப்புக்குச் சற்று முன்னால் சத்தத்தைச் சேர்ப்பது. முகத்தில் எந்த மாற்றமும் தெரியாது. கசற் பொத்தானை அழுத்தினால் போன் பாடும். இதில் ஒரு சிக்கல் வரும். எஞ்சின் வேகத்தோடு கூடிக் குறைகிற ஒரு ஊளைச் சத்தம். புளூரூத் பலகைக்கான கரண்டைத் தனிமைப்படுத்திய சின்ன கன்வேர்ட்டர் ஒன்றின் வழியாகக் கொடுத்தால் அது போய்விடும். அது இல்லாமல் செய்து தருகிறேன் என்கிறவரிடம் கொடுக்காதீர்கள்.

ஆண்ட்ராய்ட் திரை பற்றி ஒரு வார்த்தை. கூரை திறந்த காரில் பத்து மணி வெயிலுக்குப் பிறகு அதில் உங்கள் முகம்தான் தெரியும். செட் இருக்கிற பொந்தின் ஓரத்தை அராவாமல் அது பெரும்பாலும் அமராது, அராவிய நடுப்பலகைக்கு மாற்று இங்கே கிடையாது. அதைவிட, பல மலிவுத் திரைகள் நிறுத்திய பிறகும் கரண்ட் குடிக்கும். 50 மில்லி அம்பியர் என்று வையுங்கள். இரண்டு கிழமை ஓடாமல் நின்றால் கிட்டத்தட்ட 17 அம்பியர் மணி. உங்கள் காரின் பற்றரி டிக்கியில் இருக்கிற சிறியது, 30 சொச்சம்தான். பாதிக்கு மேல் போய்விடும். இது ஞாயிற்றுக்கிழமைக் கார், தினமும் ஓடி ஏறிக்கொள்ளாது.

மாற்றியே தீருவேன் என்றால் ஒற்றை உயரச் செட்டாக, 180க்கு 50 மில்லிமீற்றர், அமைதியான முகம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பெட்டியில் "50 வாட்ஸ் x 4", அதாவது நாலு ஸ்பீக்கருக்கும் தலா 50 வாட்ஸ், என்று இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். 14.4 வோல்ட்டில் 4 ஓம் ஸ்பீக்கருக்கு அந்த வகை செட் கொடுக்கக்கூடியது கணக்குப்படி 26 வாட்ஸைத் தாண்டாது, நடைமுறையில் இன்னும் குறைவு. காரின் ப்ளக்கோடு பொருந்துகிற மாற்று ப்ளக் வாங்கி, இணைப்பையெல்லாம் புதுச் செட்டின் பக்கத்தில் செய்யுங்கள். தொண்ணூறுகளின் ஃபமிலியாவிலும் 626இலும் பெரும்பாலும் இதே மாதிரி ப்ளக்தான், பழைய சாமான் கடையில் தேடலாம், ஆனால் காரோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்து வாங்குங்கள். புதுச் செட்டில் மஞ்சள் எப்போதும் கரண்ட், சிவப்பு சாவி போட்டால் கரண்ட், கறுப்பு ஏர்த். தனி நீலம் அன்ரெனா மோட்டாருக்கு, நீலத்தில் வெள்ளைக் கோடு போட்டது அம்ப்ளிஃபயருக்கு. உங்கள் காரில் மோட்டார் அன்ரெனா இருந்து அதை இந்தக் கோடு போட்டதில் கொடுத்துவிட்டால், போனில் பாட்டுக் கேட்கும்போதும் கம்பி மேலேயே நிற்கும். ஒழுங்கையில் முதல் வேப்பங்கிளையோடு அது போச்சு.

எல்லாவற்றையும்விட முக்கியம் இது. பழைய செட்டுகள் சிலவற்றில் ஸ்பீக்கரின் மைனஸ் வயர் காரின் உடம்போடு சேர்ந்திருக்கும். புதுச் செட்டின் மைனஸ் ஒருபோதும் உடம்பில் முட்டக்கூடாது, முட்டினால் உள்ளே சத்தத்தைப் பெருக்குகிற ஐசி போகும். மல்டிமீற்றரைப் பீப் சத்தத்தில் வைத்து, செட் கழன்ற நிலையில் ஒவ்வொரு ஸ்பீக்கர் வயரையும் உடம்போடு தொட்டுப் பாருங்கள். ஒன்று கத்தினாலும் அந்த ஸ்பீக்கருக்குப் புது வயர் இழுக்க வேண்டும்.

காசு செலவழிக்க ஆசை என்றால் செட்டில் அல்ல, ஸ்பீக்கரில் செலவழியுங்கள். பழைய ஸ்பீக்கரின் கூம்பு ஓரம் எங்கள் வெயிலில் பொரிந்து அப்பளம் மாதிரி ஆகியிருக்கும், விரலால் தொட்டாலே உதிரும். 4 ஓம், குறைந்த வாட்ஸிலும் நன்றாகச் சத்தம் தரக்கூடியது, அதாவது உணர்திறன் 90 டெசிபெல் அளவில் உள்ளது, இவ்வளவும் போதும். கதவுத் தட்டைக் கழற்றும்போது உள்ளே உள்ள பிளாஸ்ரிக் தாளைக் கிழிக்காமல் திரும்ப ஒட்டுங்கள், மாரியில் கண்ணாடி வழியே இறங்குகிற தண்ணீரை ஸ்பீக்கரின் முதுகில் விடாமல் பிடிப்பது அதுதான். சில ரோட்ஸ்டர்களில் சீற்றின் தலையணைக்குள்ளும் சின்ன ஸ்பீக்கர் இருக்கும். சீற்றைத் தொட்டுப் பாருங்கள், இருந்தால் அதிர்ஷ்டம். கூரை திறந்து ஓடும்போது உண்மையில் காதுக்கு எட்டுவது அதுதான். அதற்குத் தடித்த பேஸ் சத்தம் போகாமல் தடுத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு கிழமையில் கிழிந்துவிடும். டிக்கியில் அம்ப்ளிஃபயர் வைப்பதென்றால் பற்றரி பக்கத்திலேயே இருப்பது வசதி, பியூஸை மட்டும் பற்றரியிலிருந்து ஒரு முழத்துக்குள் போடுங்கள். அமிலம் ஊற்றுகிற சாதாரண பற்றரி அங்கே வைத்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். அதன் ஆவி அம்ப்ளிஃபயரையும் தின்னும், டிக்கித் தகரத்தையும் தின்னும்.

வேலை முடித்து நான் எப்போதும் முறிகண்டி வரைக்கும் ஒரு ஓட்டம் போவேன். கூரையைத் திறந்து, மணிக்கு 60 அளவில். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, கச்சான் வாங்கிக்கொண்டு திரும்பும்போது கூரையை மூடி அதே பாட்டு. போகும்போது எதுவும் சரியாகக் கேட்காது, வருகையில் எல்லாம் கேட்கும். புதுச் செட்டுக்காரரையும் பழைய செட்டுக்காரரையும் இதே ஓட்டத்தில் கூட்டிப் போயிருக்கிறேன். 60க்கு மேலே காற்றுத்தான் பாடுகிறது, இரண்டு பேருக்கும் ஒரே பாட்டு.

மறந்துவிட்டேன், வலது கதவு. ஸ்பீக்கரைக் கழற்ற முன்னர் செட்டில் உள்ள பலன்ஸ் நொப்பை நடுவில் வைத்துப் பாருங்கள். பிறகு ஒன்றரை வோல்ட் பற்றரி ஒன்றை ஸ்பீக்கர் வயரில் ஒரு கணம் தொடுங்கள், டப் என்று கேட்டால் ஸ்பீக்கர் உயிரோடு இருக்கிறது. அதுவும் சரி என்றால் கதவுக்கும் உடம்புக்கும் இடையில் ரப்பர்க் குழாய்க்குள் வருகிற வயரைப் பாருங்கள். ஓட்டுநர் பக்கக் கதவுதானே அது, முப்பது வருசமாக ஒரு நாளைக்குப் பத்துத் தரம் திறந்து மூடியிருப்பார்கள். அநேகமாக அங்கேதான் முறிந்திருக்கும்.